தையல் போட்ட பப்பாளி

"இந்த மாசத்துக்குள்ள ஒரு காயாவது தெரியணும். இல்லேன்னா மரத்த வெட்டிட்டுத் துணி காயப்போடக் கம்பி கட்டிடுவேன்" என்று மனைவி சொன்னபோது, தையல்காரர் பப்பாளி மரத்தடியில் உதிர்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

விதை போட்டு அவர் கையால் வளர்த்த மரம். தெருவிலேயே அதுதான் உயரம். நீளநீளமாகச் சரம் தொங்கவிட்டு நூற்றுக்கணக்கில் பூக்கும். ஒரு பிஞ்சு நிற்காது. எதிர்வீட்டு வாத்தியாரின் மூன்று மரங்களோ இடுப்பளவிலேயே காய்த்துக் குலுங்கின.

வாத்தியார் வாரம் ஒரு பழம் கொண்டுவந்து கொடுப்பார். "வாங்கிக்குங்க டெய்லர். மரம் வச்சிருக்கிற வீட்ல பழம் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

பழம் தேனாக இனித்தது. அதைத்தான் தையல்காரரால் தாங்க முடியவில்லை.

இரண்டு கூடை சாண உரம் போட்டார். பூ இரண்டு மடங்கானது. பூவைக் குறைத்தால் காய் பிடிக்குமென்று பாதிச் சரங்களைக் கத்தரித்தார். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்து, கீழே தொங்கவிட்டிருந்த, வக்கீல் தைக்கக் கொடுத்த கறுப்புக் கோட்டில் சொட்டியது.

"கோட்டுல என்னங்க வெள்ளையா?" என்றார் அதை வாங்க வந்த வக்கீல்.

"உரம் போட்டேன்ல. நல்லா வருது."

"எது, கோட்டா?"

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. விடியுமுன்னே, கடையில் வாங்கிய பப்பாளிக்காய் ஒன்றை நைலான் நூலால் மரத்தோடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டார். பிறகு மனைவியை அழைத்துவந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பாத்தியா? சும்மா நின்ன மரமா இது?"

மனைவி காயைத் திருப்பிப் பார்த்தாள்.

"விலைச்சீட்டோடயே காய்ச்சிருக்கே."

அவர் அவசரமாக விலைச்சீட்டைக் கிள்ளி எடுத்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மரம் இன்னிக்குப் போயாகணும்."

மரம் வெட்டுபவர் அரிவாளோடு வந்தார். வேடிக்கை பார்க்க வாத்தியாரும் வந்து நின்றார். தையல்காரர் மரத்தைத் தடவிக் கொடுத்தார். "நல்லாத்தான் வளத்தேன்" என்றார் யாரையும் பார்க்காமல்.

மரம் வெட்டுபவர் பூச்சரங்களை அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டையும் ஒருமுறை பார்த்தார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"இது ஆம்பளை மரம்மா, காய்க்காது. இந்தப் பூவோட தூளு காத்துலயும் பூச்சியிலயும் போய்ச் சேந்தாத்தான் மத்த மரம் காய்க்கும். வெட்டுறதுன்னா வாத்தியாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவரு வீட்டுப் பழம் அத்தனைக்கும் அப்பா இங்கதான் நிக்கிறாரு."