நேர்மாறு இல்லாத புட்டா

ஆரணி,
3.11.98

பாசமுள்ள மணிமேகலை அக்காவுக்கு,

உன் தங்கை ஜெயப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் மாமியாரும் ஏழு மாதக் கிரணும் சௌக்கியம். வந்தவாசியில் உன்னையும் மாமாவையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வேலூர்ப் பரீட்சைக்கு நான் போகப்போவதில்லை. ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீ லீவு போட்டுவிட்டு வர வேண்டாம்.

கோபப்படாதே. லீனியர் அல்ஜீப்ரா ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி, பழைய சிலபஸுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, இதை விட்டால் டிகிரியே கிடையாது, எல்லாம் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று போட்டபோது, "ஒரு பேப்பர் பாக்கின்னு அடைப்புக்குறியில போடுங்கப்பா" என்று நான் கெஞ்சியதும், "சாப்பிட வர்றவன் மார்க் ஷீட்டா கேக்கப்போறான்?" என்று அப்பா சிரித்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மாமியாருக்கும் அப்போதே தெரியும். "அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு ஜெயா, இனிமே அதை நெஜமாக்குறது உன் வேலை" என்று சொல்லிகினே இருக்கிறார்கள்.

கிரணால்தான் பேஜார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் வெக்டர் வெளியின் விதிகளைச் சத்தமாக மனப்பாடம் பண்ணினேன் பார், அதிலே வந்தது வினை. "யூ ப்ளஸ் வி ஈக்வல்டு வி ப்ளஸ் யூ" என்று ஆரம்பித்தால் அழுகை நிற்கிறது, "ஜீரோ வெக்டர் உள்ளே இருக்கணும்" என்கிற இடத்தில் டக்கென்று கண் மூடிக்கொள்கிறது. வேறு எந்தப் பாட்டும் எடுபடவில்லை. அவர் ஒரு நாள் சினிமாப் பாட்டு பாடப்போய், பக்கத்து வூட்டு உண்ணாமலை அக்கா என்னமோ ஏதோவென்று ஓடி வந்துட்டாங்க. மூணு மணி நேரப் பரீட்சை, போக வர பஸ்ஸு, அதுவரைக்கும் பிள்ளை தூங்காம கத்திகினே கெடந்தா என்னா ஆவறது?

அதையாவது சமாளிக்கலாம் என்றிருந்தேன். போன வாரம் நடந்ததைக் கேள். ஒரு மேட்ரிக்ஸுக்கு நேர்மாறு கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கணக்கு, ஆறுக்கு ஆறு, எல்லாமே ஒண்ணும் சைபரும்தான். ஒரு கையில் பிள்ளை இருக்கும்போது எண் எழுத எங்கே முடியுது? அவர் புடவை டிசைன் போடுகிற கிராஃப் தாளை இஸ்து வச்சிகினு, ஒண்ணுக்கு ஒரு பெரிய கட்டம் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் தீட்டினேன், சைபருக்கு வெறும் கட்டம், ஜல்தியா முடிஞ்சுது. நேர்மாறுதான் வரவே இல்லை. நாள்பூரா நோட்டுல அடிச்சு அடிச்சுப் போட்டுட்டு, கட்டம் தீட்டின தாளை அவர் மேஜை மேலேயே வச்சிட்டு கிரணைக் குளிப்பாட்டப் போயிட்டேன். அந்த நேரம் பார்த்து, தறிக்கு டிசைன் அட்டை குத்துகிற துரைக்கண்ணு வந்திருக்கிறார். களம்பூர் ரைஸ்மில் வீட்டுக் கல்யாணப் புடவைக்குப் புட்டா டிசைன் மேஜை மேல இருக்கும், எடுத்துக்கோ என்று எங்க வூட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தாராம். துரைக்கண்ணு என் கணக்கை எடுத்துப் போய் அச்சு அசலாக அட்டை குத்திக் கொண்டுவந்து எங்கள் தறியில் மாட்டிவிட்டார். மாமியாரும் உட்கார்ந்து ஒரு முழம் நெய்துவிட்டார்கள்! அரக்குப் பட்டு, அசல் ஜரிகை, உடம்பு பூரா குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி கட்டம் கட்டமாகப் புட்டா.

அவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது என்னா, ஜன்னல் கம்பியா?" என்றார்.

"எனக்கு என்னாடா தெரியும்? இந்தக் காலத்துப் பொண்ணுங்க இப்படித்தான் கேக்குதுங்க போலன்னு நெனச்சேன்."

சத்தம் கேட்டு நான் ஓடினேன். எட்ட நின்று துணியைப் பார்த்தேன் அக்கா, பளிச்சென்று தெரிந்தது. மூணாவது வரியும் ஆறாவது வரியும் அப்படியே ஒரே மாதிரி! ரெண்டு வரி ஒண்ணா இருந்தா நேர்மாறு எங்கிருந்து வரும்? "இதுக்கு நேர்மாறே கெடையாதுங்க!" என்று கை தட்டிக் குதித்துவிட்டேன். அவங்க ரெண்டு பேரும் பட்டு போச்சேன்னு நிக்கிறாங்க, நான் குதிச்சிகினு இருக்கேன். அப்புறம்தான் உறைத்தது, அழுதுவிட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் அந்த முழத்தை வெட்டி மாமியார் கிரணுக்குச் சட்டை தைத்துவிட்டார்கள். அதைப் போட்டுகினு அது சிரிக்கும்போதெல்லாம், நம்ம படிப்பால இந்த வூட்டுக்கு இன்னும் என்னென்ன நஷ்டமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த முடிவு. நானும் பிள்ளையும் தறியும், இது போதும்.

மாமாவுக்கு என் வணக்கம். அப்பாவைப் பார்த்தால் பக்குவமாகச் சொல். உன் வீட்டில் நல்லதெல்லாம் நடக்கட்டும். கிரண் உனக்கு எச்சில் முத்தம் அனுப்புகிறான்.

இப்படிக்கு,
உன் தங்கை ஜெயப்ரியா

பி.கு.: இன்லண்டை ஒட்ட ஒரு பருக்கைச் சோறு எடுக்கப் போனேன் அக்கா. தறிப் பக்கம் குரல் கேட்டது. மாமியார் தறி அடிக்கிற தாளத்திலேயே, "யூ ப்ளஸ் வி ஈக்வல்டு வி ப்ளஸ் யூ" என்று பாடிகினு இருக்கிறார்கள். அவர் கிரணைத் தோளில் போட்டுகினு நடந்தபடி, "ஜீரோ வெக்டரு உள்ளே இருக்கணும்டா ராசா" என்று முடிக்கிறார். பிள்ளை அந்தச் சட்டையோடு அசந்து தூங்குது!

என்னைப் பார்த்ததும் மாமியார் அதட்டினார்கள்: "இங்க என்னா வேடிக்கை? ஒரு வாரமா நாங்க படிச்சிகினு இருக்கிறோம், நீ போய்ப் படி!"

மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸிலேயே வந்துவிடு. மாமியாருக்குத் தொண்டை கட்டினால் நீதான் பாடணும், பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணிகினு வா. ராகம் உன் இஷ்டம். ஜீரோ வெக்டரை மட்டும் விட்டுடாதே, அங்கேதான் கண் மூடுவான்.