வாய் திறக்காத வைத்தியர்

மலேசியாவின் லாபிஸில் வியாழக்கிழமை என்றால் வயிற்றுக்காரர்களின் நாள். செகாமட்டிலிருந்து வேன், மெர்சிங்கிலிருந்து கார், சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டவர்கள் வேறு. எல்லாரும் கூடுவது மருந்தெடுக்கும் காளிதாஸ் வீட்டு வாசலில். யாரோ சோற்றில் வைத்த வசிய மருந்தை, வயிற்றின் மேல் குழலை வைத்து உறிஞ்சி, வெளியே துப்பிக் காட்டுவார். தட்சணை கேட்கவே மாட்டார். தட்டை மட்டும் நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

பிரேமலா அன்று தன் மகள் ரூபினியை இரண்டாம் முறையாக அழைத்து வந்திருந்தாள். ரூபினிக்குக் குடலில் புண், மலத்தில் ரத்தம். மருத்துவமனை டாக்டர் மாத்திரை கொடுத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தார்: "குடல் அழற்சிக்குப் பல காரணம் இருக்கு. உங்க தாமான் வீடுகளுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் எரிக்கிறாங்கல்ல, அந்தப் புகையும் தூசியும்கூட ஒண்ணா இருக்கலாம். குடல்ல உள்ள நல்ல கிருமிங்க கெட்டுப்போனா, உடம்போட காவல்காரங்களே குழம்பிப்போய் சொந்தச் சுவரையே அடிப்பாங்க."

காளிதாஸ் முதல் முறை பார்த்தபோது அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. "புகையாவது லா! சொந்தக்காரங்க கைவேலைம்மா. ரசத்துல வெச்சிருக்கு."

ரூபினி வீட்டுக்கு ரசம் கொண்டுவரும் சொந்தம் ஒன்றுதான்: அப்பாவின் அக்கா அங்கம்மா. அன்றே மாத்திரை குப்பைக்குப் போனது. அங்கம்மா வாசலுக்கு வெளியே போனாள். புகைக்கு மட்டும் தடையில்லை. தினமும் ஜன்னல் வழியே வந்து நலம் விசாரித்தது.

இப்போது அழைக்காமலே அங்கம்மா வந்து நின்றாள், கையில் தேநீர் பிளாஸ்க்கோடு. முன்னால் இருந்தவருக்கு மருந்து எடுத்ததைக் கவனித்திருந்தாள். திரைக்குப் பின்னால் சாமி கும்பிடப் போகும்வரை ஓயாமல் பேசும் காளிதாஸின் வாய், திரும்பி வந்ததும் பூட்டிக்கொள்கிறது.

காளிதாஸ் திரையை விலக்கி வந்தார்.

"சாமி, காலையிலேருந்து நிக்கிறீங்க. ஒரு வாய் தே குடிங்க."

தலை மட்டும் ஆடியது.

"விரதமா?"

"ம்."

"சரி, பச்சத்தண்ணியில வாய் கொப்பளிச்சிட்டு உறிஞ்சுங்க. பிள்ளைக்கு நொந்த உடம்பு."

"ம்ம்ம்!"

"அண்ணி, சாமியத் தொந்தரவு பண்ணாதீங்க!" என்று பிரேமலா சீறினாள்.

பாயில் படுத்திருந்த ரூபினி எழுந்து உட்கார்ந்தாள். "மருந்து என் வயித்துலதானம்மா இருக்கு? அவரு வாயில இல்லையே? கொப்பளிச்சா என்ன?"

"நியாயம்தான் லா," என்றார் கூட்டத்தில் ஒருவர். இன்னொருவர் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார்.

அத்தனை கண்களும் ஒரே வாயின் மேல். காளிதாஸ் தண்ணீரை வாயில் ஊற்றினார். வாயில் இருந்ததை விழுங்கிவிடலாம் என்று நினைத்தார் போலும். புரையேறியது. மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று கிண்ணத்தில் வந்து விழுந்தது.

"அலமாக்! குழலே வைக்கல, அதுக்குள்ள மருந்து வந்திடுச்சே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சாமிக்கு அவ்வளவு சக்தி.

அங்கம்மா இருமுகிறவரின் முதுகைத் தட்டிவிட்டாள். "மெதுவா, மெதுவா. இப்ப தே குடிக்கலாமே?"

"அண்ணி..." என்று பிரேமலா அழுகையோடு வாயெடுத்தாள்.

"அழுவுறதெல்லாம் அப்புறம் அழுவலாம். மொதல்ல பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிப் போவோம், மாத்திரைய மறுபடி கேட்டு வாங்கணும். அப்படியே எல்லாருமாப் போயி அந்தப் புகையப் பத்திப் புகார் குடுப்போம்."

புகார் என்றதும் பலருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. வேனில் ஏறிய சிலர் மட்டும் வெட்கப்பட்டு இறங்கி வந்தார்கள்.

இறைவனை நம்புங்கள், நல்லது. ஆனால் வயிறு எரிந்தால், நமக்குச் சமைத்துப்போட்ட கையைச் சந்தேகிக்கும் முன், அவன் கொடுத்த மூக்கால் காற்றை ஒருமுறை மோந்து பாருங்கள். மூளையும் அவன் கொடுத்ததுதான். அதைப் பயன்படுத்தினால் தெய்வக் குற்றம் ஆகாது.