சுயசிந்தனை மணி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சொந்தமாக யோசிப்பதில்லை என்று மேலிடத்துக்குக் கவலை வந்துவிட்டது. நியாயமான கவலைதான். தனக்குப் பசிக்கிறதா என்று போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவைக் கேட்டுவிட்டு நாசி லெமா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவர் தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணி மகேன். ஆகவே தோட்ட நிர்வாகியான துரை உத்தரவு போட்டார்: வியாழன்தோறும் பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை ‘சுயசிந்தனை மணி’. அந்த நேரத்தில் இயந்திரத்திடம் எதையும் கேட்கக் கூடாது. சொந்தமாகச் சிந்திப்பது எப்படி என்று பதினோரு பக்கச் சுற்றறிக்கையும் வந்தது. இயந்திரம்தான் எழுதிக் கொடுத்திருந்தது. குறை சொல்ல முடியாது, நன்றாகவே எழுதியிருந்தது.

முதல் வியாழன் மூன்று ஐந்துக்குக் கொழுந்து லோரி பாக்டரி வாசலில் வந்து நின்றது.

“கிராணி, கொழுந்து சூடாவுது லா. எறக்கலாமா?” என்றார் டிரைவர் டெஸ்மண்ட்.

“இருப்பா, யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணி வரைக்கும் அனுமதி இருக்கு.”

மூட்டைக்குள் வெந்து சிவந்த கொழுந்தைப் பாக்டரி எடுக்காது. விடிந்ததிலிருந்து நாற்பது பேர் சரிவில் நின்று கத்தரியால் வெட்டியது அது. எடுக்காவிட்டால் எங்கள் அன்றைய கூலி அம்போ.

எங்களோடு கொழுந்து வெட்டும் நவமணி அக்கா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். “வெந்துக்கிட்டிருக்கு, எறக்குங்கப்பா!” என்று முதல் மூட்டையைத் தானே இழுத்துப் போட்டார். கால் மணி நேரத்தில் லோரி காலி.

மறுநாள் அக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உரிய படிவத்தை நிரப்பாமல் சிந்தித்தது குற்றமாம். ஆனாலும் கொழுந்து தப்பியதால் துரை மனமிரங்கி, அக்காவைத் தோட்டத்தின் அதிகாரபூர்வச் சுயசிந்தனையாளராக நியமித்தார். மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

அடுத்த வியாழன் அக்காவுக்குக் காய்ச்சல். மூன்று மணிக்கு மேல் லோரி வந்தது. ஒருவரும் போனைத் தொடவில்லை, அவ்வளவு திருந்தியிருந்தோம். மொத்தப் பேரும் அக்காவின் லைன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினோம்.

“அக்கா, கொழுந்த எறக்கலாமா?”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்த அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். “இத்தன பேரு வந்திருக்கீங்களே, ஒருத்தராவது கைய உள்ள விட்டுப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கிராணியும் மற்றவர்களும் திரும்பி ஓடுவதற்குள் முழு லோரியும் சிவந்துபோயிற்று.

நான் மட்டும் ஓடவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரிக்கலாமா என்று அக்காவைக் கேட்டுவிட்டுப் போகலாமென்று நின்றேன். அப்போது துரையே வந்தார். கையில் மேலிடத்துக்கான அறிக்கை: ‘இன்று இயந்திரத்தை யாரும் கேட்கவில்லை. சுயசிந்தனை நூற்றுக்கு நூறு.’

“இதுல கையெழுத்துப் போடலாமான்னு நவமணியம்மாவக் கேக்கணும்” என்றபடி எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.