கால்பந்து கட்டணமும் கோட்டு மாஸ்டரும்

போராட்டம் காலை ஏழரை மணிக்கு, பல் விளக்குகிற இடத்தில் அறிவிக்கப்பட்டது.

"ஒரு காசு கட்ட மாட்டேன்!" என்றார் கோட்டு மாஸ்டர், வாயில் நுரையோடு.

தெருவில் எல்லோருக்கும் அவர் கோட்டு மாஸ்டர்தான். கோட்டு தைப்பதில் மன்னன். ஆனால் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷத்தில் புதுக் கோட்டு யாருக்கு வேண்டும்? வந்ததெல்லாம் பழைய பேன்ட்டுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. ஊரே இளைத்துவிட்டதோ என்று மாஸ்டருக்குச் சந்தேகம். இந்த நேரம் பார்த்து, மகள் விளையாடுகிற கால்பந்து கிளப் கட்டணத்தை இரண்டு மடங்காக்கி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. கோல்கீப்பர். வீட்டில் எதைத் தூக்கிப் போட்டாலும் பாய்ந்து பிடிப்பாள், சோப்பு உட்பட.

"கட்டலைன்னா?" என்றாள் மனைவி.

"அனுப்ப மாட்டேன். எல்லா அப்பனும் என்னை மாதிரி நிமிர்ந்து நின்னா கிளப்பு தானா இறங்கி வரும்."

"நிமிர்ந்து நிக்கப் போறது நீங்க. வீட்டுல உட்காரப் போறது அவ."

மாஸ்டர் பலமாக வாய் கொப்பளித்தார். 

மனைவிக்கு ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. பல் பிடுங்கப் பயந்து வாசலிலேயே திரும்புகிறவர்களைப் பேசியே நாற்காலியில் உட்கார வைக்கிறவள். இவ்வளவு அனுபவசாலியோடு மோதுகிறோமே என்று மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மகளின் பழைய கிளப் சட்டையைக் கொண்டுவந்து வெட்டுமேஜை மேல் போட்டாள். "கட்டணத்துல பாதி இந்த உடுப்புக்குத்தான் போகுதாம்."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டையைப் புரட்டினார். "இதுக்கா பாதி? தோள் ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. கண்ணைக் கட்டிக்கிட்டு தைச்சானா?"

"விடுங்க. இது இழுபடற துணி. கோட்டுத் துணி மாதிரி சொன்ன பேச்சு கேட்காது. உங்களுக்கு வராது."

தையல் மிஷினே திடுக்கிட்டிருக்கும்.

"எனக்கு... வராது?"

"வராததுல என்ன கேவலம்? எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?"

மறுநாளே மாஸ்டர் துணி வாங்கினார். முதல் சட்டை தலையணை உறை மாதிரி வந்தது. இரண்டாவதில் தலை நுழையவில்லை. இரண்டையும் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு மூன்றாவதைத் தைத்தார். மகள் அதைப் போட்டுக்கொண்டு சோபாவுக்கு மேலே பாய்ந்தாள். சோபாவின் கால் உடைந்தது. சட்டையில் ஒரு தையல் விடவில்லை.

"கையைத் தூக்கினா இழுக்கவே இல்லைப்பா!"

அந்த முகத்தைப் பார்த்ததும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. "சட்டை வேற, போராட்டம் வேற. சனிக்கிழமை கூட்டத்துல பேசறேன்" என்றார்.

"பேசாதீங்க, சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. அதன் பிறகு அவரைத் தடுக்க யாரால் முடியும்?

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பெற்றோர்கள் கூடினார்கள். கிளப் செயலாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே சொன்னார்: "ஏற்கெனவே நாலு பேர் நின்னுட்டாங்க. இன்னும் ரெண்டு பேர் போனா பொண்ணுங்க டீமே கிடையாது."

கதவோரம் இருந்த பஸ் டிரைவர் தலையைத் தூக்காமல் எழுந்தார். "எனக்கு ரெண்டும் பொண்ணுங்க சார். இந்த வருஷம் ஒருத்திக்குத்தான் கட்ட முடியும். யாருன்னு அதுங்களையே முடிவு பண்ணச் சொல்லிட்டேன்."

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. இந்த முறை அது வீம்பில்லை, நிஜமான கோபம்.

"வெட்கமா இல்லையா நமக்கு?" என்று எழுந்தார். "பந்து ரெண்டு, மைதானம் ஒண்ணு, ஓடறது நம்ம பிள்ளைங்க காலு. இதுக்கு எதுக்கய்யா இவ்வளவு கட்டணம்?"

"உடுப்புதான் மாஸ்டர் பாதிச் செலவு" என்றார் செயலாளர்.

"அந்தக் கோணல் சட்டைக்கா?"

மனைவி அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஹாலுக்கே கேட்கிற ரகசியக் குரலில், "உட்காருங்க. ஒண்ணு தைச்சுட்டீங்க, சரி. முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு யாரு தைக்கறது? உங்களால ஆகாது" என்றாள்.

"ஏன் ஆகாது? முப்பத்திரண்டு என்ன, அறுபத்து நாலு தைப்பேன்! கூலி வேண்டாம், துணி மட்டும் வாங்கிக் கொடுங்க! காசில்லைன்னு இனி எந்தப் பிள்ளை வெளியே நிக்குதுன்னு பார்க்கறேன்!"

ஹால் அதிர்ந்தது. பஸ் டிரைவர் ஓடிவந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. கட்டணம் அந்த இடத்திலேயே பாதியாகக் குறைந்தது. போராட்டம் வென்றுவிட்டது! மாஸ்டர் மாலையை எதிர்பார்க்கிறவர் போலக் கழுத்தைச் சற்று நீட்டிக்கொண்டு நின்றார்.

செயலாளர் பைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். முப்பத்திரண்டு பிள்ளைகளின் மார்பு, தோள், கை, இடுப்பு, தொடை, எல்லா அளவும் வரிசையாக இருந்தன. மனைவியின் கையெழுத்தில்.

"இதெல்லாம் எப்ப எடுத்தே?"

"போன வாரம்" என்றாள் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சட்டைக்கு எதுக்கு இடுப்பும் தொடையும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார்.

"முப்பத்திரண்டு சட்டை, முப்பத்திரண்டு கால்சட்டை, ஆக அறுபத்து நாலு. நீங்க சொன்னது சரிம்மா, கால்சட்டையை நாம கேட்கவே வேண்டி வரல!"