வானிலைக்கு நான் காட்டிய எதிர்ப்பு

பாறசாலை முக்கில் நூற்றைம்பது பேர் முன்னால் நான் சபதம் செய்தேன்.

"இனிமே திருவனந்தபுரம் ரேடியோ சொல்லுத ஒண்ணையும் நம்ப மாட்டேன்! மழைன்னா குடை எடுக்க மாட்டேன். வெயில்ன்னா குடை இல்லாம முற்றத்துல இறங்க மாட்டேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. குடை ரிப்பேர் செய்கிற ஈசாக் மட்டும் இதில் தனக்கு லாபமா நஷ்டமா என்று புரியாமல் நின்றான்.

ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். எல்லைக் கமிஷன் அறிக்கை வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விளவங்கோடு தமிழ்நாட்டுக்காம். எங்கள் நெய்யாற்றின்கரை மலையாளத்துக்காம். அதாவது, என் மாமியார் வீடு தமிழ்நாடு. நான் மட்டும் வெளியே! எந்த மருமகன் பொறுப்பான்?

நான் பொன்னுதாஸ். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலுக்குக் குமஸ்தா. பகல் முழுக்க வக்கீல் சொல்வதைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் மனைவி சுகிர்தபாய் சொல்வதைக் கேட்க வேண்டும். எதிர்ப்புக் காட்ட எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ரேடியோ ஒன்றுதான்.

அதுவும் என் ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணன்குட்டியுடையது. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்தது. கமுகு மரத்தில் கம்பி கட்டி, ஊரே பார்க்க வைத்திருந்தான். கிருஷ்ணன்குட்டி மலையாளக் கட்சி, நான் தமிழ்க் கட்சி. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்சுவர். தினமும் அதன் இருபுறமும் நின்று எல்லையைப் பற்றிச் சண்டை போடுவோம். சண்டை முடிந்ததும் அவன் வெற்றிலை தருவான், நான் புகையிலை தருவேன்.

ரேடியோ பாடும் ஆறரை மணிக்கு நான் உரத்த குரலில் கீர்த்தனை பாடத் தொடங்கினேன். அந்தச் சத்தம் என் காதில் விழக்கூடாது! சுகிர்தபாய் மட்டும் அந்த நேரம் பார்த்து அவன் மனைவி சத்யபாமாவைப் பார்க்க அங்கே போய்விடுவாள். என் பாட்டு தாங்காமல் போகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் வேறொரு பிரச்சினை இருந்தது. கூரை. இரண்டு வருஷமாக ஓலை மாற்றவில்லை. படுத்துக்கொண்டே நட்சத்திரம் எண்ணலாம்.

"நானூறு ஓலை முடைஞ்சு அடுக்கி வச்சிருக்கேன். ஓலை மேயுத ராஜையாவ வரச் சொல்லுங்க. மழைக்கு முன்ன மேயணும்," என்றாள் சுகிர்தபாய்.

"முதல்ல கோரிக்கை, பிறகு கூரை! நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டோட சேரட்டு. அதுவரை ஒரு ஓலை மேல ஏறாது."

"அதுவரை மழை பெய்யாதா?"

"பெய்யட்டும். தமிழன் நனைவான்!"

"தமிழன் மட்டும் நனைஞ்சா பரவாயில்ல. அரிசியும் நனையும்." அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ரேடியோவுல கோடைக்க வானிலை சொன்னாவ. நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கோவம் வரும்."

"சொல்லுட்டி!"

"மலையோரம் மழை உண்டாம். இடநாட்டுல மீனம் முழுக்க..."

"இடநாடுங்கது மலையாளம், சமவெளின்னு சொல்லு! மீனம் இல்ல, பங்குனி!"

"சரி, சமவெளியில பங்குனி முழுக்க ஒரு துளி மழை இல்லியாம். யாரும் கூரை மேயாண்டாமாம்."

"கூரை மேயாண்டாம்ன்னா சொன்னான்?"

"அப்படித்தான் கேட்டது."

நான் எழுந்து நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். "எனக்க கூரையப் பத்திப் பேச அவன் யாருட்டி? எங்க ராஜையா?"

வக்கீலிடம் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். ராஜையா மேலே, நான் கீழே. ஓலை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத் தோள் கழன்றது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஐந்தாம் நாள் இடியோடு மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சுவரண்டை போய், நனைந்தபடி கத்தினேன்.

"கிருஷ்ணன்குட்டீ! பொய்யாப் போச்சுல்லா?"

அவனும் நனைந்தபடி நின்றான். அவன் வீட்டுக் கூரையும் புது ஓலையாக மின்னியது. "அதே, அதே! பொய்யாயி!" என்று அவனும் வெற்றிக் களிப்போடு கத்தினான். இவன் எதற்குச் சந்தோஷப்படுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் மலைக்கு வந்தது முறை. ஆறுகாணியில் சுகிர்தத்தின் அண்ணன் எலியா இருக்கிறார். பனச்சமூடு வரை பஸ், அப்புறம் நடை. மூன்று வருஷமாக அவள் கூப்பிட்டும் நான் அசையவில்லை.

"நல்லவேளை, அண்ணன் வீட்டுக்கு நாம போகல்ல," என்றாள். "மலையோரம் இந்தக் கிழமை ஒக்க பேமழைன்னு ரேடியோவுல சொன்னாவ. தமிழாளுவ மலையேற மாட்டாவன்னு அங்க இருந்தவிய சிரிக்கவும் செய்தாவ."

"யாருட்டி சிரிச்சது? பெட்டிய எடு!"

மலையில் வெயில் பளபளவென்று அடித்தது. எலியா அண்ணன் கோழி அடித்தார். நான்கு நாள் தங்கினோம். வரும்போது முழுப் பலாப்பழம் ஒன்றை என் தலையில் ஏற்றினார்கள். பனச்சமூடு வரை சுமந்தேன். கழுத்து உள்ளே போனது. ஆனால் இரண்டுக்கு இரண்டு! ரேடியோவை நான் தோற்கடித்துவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, பொழியூர்க் கடற்கரையில் எங்கள் கமிட்டி கூடுவதாக இருந்தது. எல்லைப் பிரச்சினையை நெய்மீன் பொரித்துத் தின்றபடி அலசலாம் என்று கமிட்டிக் காரியதரிசி விஜயதாஸ் ஏற்பாடு செய்திருந்தான். நான் சட்டையெல்லாம் மாட்டிவிட்டேன்.

"சந்தோஷமாட்டுப் போய்ட்டு வாருங்க," என்றாள் சுகிர்தம். "கடலோரம் காத்தே இல்லியாம். குளம்போல கெடக்கும்ன்னு ரேடியோவுல சொன்னாவ."

சட்டையைக் கழற்றினேன். அவன் குளம் என்றால் அங்கே புயல்! கமிட்டியே கவிழப் போகிறது!

"போகல்லியா? அப்போ சும்மா இருக்கதுக்கு அந்த மாட்டுத்தொழுத்துக்க செவரப் பூசுங்களேன்."

பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேதக்கோயில் வாசலில் விஜயதாஸ் பிடித்துக்கொண்டான். "எலே மக்கா, நேத்து எங்க போனே? கடலு கண்ணாடி மாதிரி கெடந்துது! மீனு எப்படின்னு கேக்கியா? உனக்க பங்கையும் நான்தான் தின்னேன்!"

எனக்குத் தலை சுற்றியது. நெய்மீனுக்காக அல்ல. அப்படியானால் ரேடியோ உண்மை சொல்லிவிட்டதா? திருவனந்தபுரம் ரேடியோவா? நேராகச் சுவரண்டை போனேன்.

"கிருஷ்ணன்குட்டி! உனக்க ரேடியோ எப்பளிருந்து உண்மை சொல்லத் தொடங்கிச்சு?"

அவன் விழித்தான். "ஏது ரேடியோ?"

"கடலு அமைதின்னு சொல்லிச்சே!"

"எண்ட பொன்னுதாசே, ரேடியோ கேடாயிட்டு ரெண்டு மாசமாயி! உள்ளில் வால்வு போயி. சத்யபாமா அதின்டெ மேலே துணியிட்டு மூடி, பூச்சட்டி வச்சிட்டுண்டு."

இரண்டு மாதம்! ஒரு பூச்சட்டிக்கு எதிராகவா நான் தினமும் கீர்த்தனை பாடினேன்?

"அப்போ மழை இல்லன்னு யாரு சொன்னது?" என்றேன்.

"மழை இல்லன்னு பறஞ்சது நிங்ஙளுடெ மதராஸ் பேப்பரல்லே? சுகிர்தம் வாயிச்சு சத்யபாமயோடு பறஞ்சு, அவள் என்னோடு பறஞ்சு. தமிழன்டெ பேப்பர் மழை இல்ல எந்நு பறஞ்சால் ஞான் விடுமோ? அடுத்த திவசம் தன்னெ ஓல மேஞ்ஞு!"

"மதராஸ் பேப்பர் எனக்க வீட்டுக்கு வாறதே இல்ல, கிருஷ்ணன்குட்டி."

இருவரும் ஒருவர் கூரையை ஒருவர் பார்த்தோம். அழகாகத்தான் மேய்ந்திருந்தது. அவன் வீட்டுக்குள் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு கட்சிகளும் ஒன்றாயின. சுவருக்கு மேலே கை கொடுத்துக்கொண்டோம். இனி ரேடியோவுக்கோ பேப்பருக்கோ எதிர்ப்பு இல்லை. வீட்டுக்காரி என்ன சொல்கிறாளோ, அதற்கு நேர் எதிராகச் செய்வோம்! மழை வந்தாலும் வெயில் வந்தாலும் மாற மாட்டோம்! இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, முற்றத்தில் நிறுத்தி, இரண்டு மொழியிலும் அறிவித்தோம்.

சத்யபாமா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகிர்தபாய் தலை குனிந்து கேட்டாள்.

"அப்போ நான் இனி என்ன சொன்னாலும் எதிராத்தான் செய்வியளா?"

"எதிராக்கும்! ஊரறியச் சொன்ன சொல்லு!"

"சரி," என்றாள் பணிவாக. "கிணத்துல தண்ணி அடியில கெடக்குது. சேறு வாரதுக்கு இதாக்கும் நேரம். ஆனா நீங்க வாராண்டாம்."

எனக்குப் புரியாமல் இல்லை. நானும் குமஸ்தா, சட்டம் தெரிந்தவன். வாரினால் அவள் நினைத்தது நடக்கும். வாராமல் இருந்தால் அவள் சொன்னதைக் கேட்டதாகும். எந்தப் பக்கம் புரட்டினாலும் தீர்ப்பு அவளுக்குச் சாதகம். ஆனால் கிருஷ்ணன்குட்டி சுவருக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். தமிழன் சொல் தவறலாமா?

கயிற்றைப் பிடித்து இறங்கினேன். சேறு முழங்கால் வரை இருந்தது. வாளி வாளியாக வாரினேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கக் கிணற்றுக்குள்ளும் வாளி மோதுகிற சத்தம் கேட்டது. மலையாளி மட்டும் சொல் தவறுவானா?

நடுப்பகல் தாண்டியது. முதுகு நிமிரவில்லை. சுகிர்தபாய் மேலே இருந்து எட்டிப் பார்த்தாள்.

"போதும் போதும். சோறு ஆறுது. ஏறி வாருங்க."

என்ன செய்ய? அடுத்த வாளியை எடுத்தேன்.