செழியன் வீட்டு மாடிப்படி

சட்டையின் வலது கைக்கு இஸ்திரி போட்டு முடித்து, திருமூர்த்தி இடது கையைப் பலகையில் விரித்தபோது கரண்ட் போயிற்று.

இஸ்திரி சட்டைக்கு மட்டும்தான். வெப்கேமில் இடுப்புக்குக் கீழே தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு அமெரிக்காவின் ஆலன் நகரத்தில் நண்பன் செழியனின் வீட்டு ஹாலில், அதே சோபாவில், அதே ஓரத்தில் அவன் உட்காருவான். அந்த நேரத்தில் உடுமலைப்பேட்டையில் இரவு ஏழரை. அவன் மனைவி வசந்தாமணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் வந்து உட்காருவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "சாப்டாச்சா?" என்று மாறிமாறிக் கேட்டுக்கொள்வார்கள்.

தன் வீடு இருக்க, செழியன் வீட்டு சோபா எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

திருமூர்த்திக்கு வீடு கிடையாது. வண்டிதான் உண்டு. இங்கே அதை ஆர்.வி. என்பார்கள், பஸ் அளவு வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். கான்ட்ராக்ட் வேலை அவனை பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கேட்டிக்கும், கேட்டியிலிருந்து ஆலனுக்கும் துரத்தியது. ஒவ்வோர் ஊரிலும் வீட்டு வாடகைக்கு லீஸ் எழுதி ஒவ்வோர் ஊரிலும் உடைப்பதற்குப் பதில், வீட்டையே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டான். ஊருக்கு வெளியே, இப்படிப்பட்ட வண்டிகள் வரிசையாக நிற்கும் பார்க்கில் அதுவும் நின்றது. வசதியில் ஒரு குறையுமில்லை. ஆனால், 'மாப்பிள்ளை அமெரிக்காவில் சர்க்கஸ்காரன் மாதிரி வண்டியில் குடியிருக்கிறார்' என்று மாமனார் வீட்டில் எப்படிச் சொல்வது?

ஆகவே போன ஆடியில், வசந்தாமணிக்கு விசா குத்தி வந்ததும், செழியன் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். பக்கத்தில் செழியனின் கார்.

"வாசல் இத்தனை பெருசுங்களா மாமா?" என்று கேட்டாள் வசந்தாமணி. பிறகு, "ஆடி போகட்டுங்க, வர்றேன்" என்றாள்.

வாசல் மட்டும் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்து சமையலறையை அனுப்பினான். "தீபாவளி கழியட்டுங்க" என்றாள். பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையை அனுப்பினான். "மார்கழி போகட்டுங்க" என்றாள். கடைசியாக, வளைந்து வளைந்து மேலே போகும் மாடிப்படியையும், அதன் உச்சியில் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்கையும் அனுப்பினான்.

"மேல எத்தன ரூமுங்க?"

"நாலு!"

"எல்லாத்துக்கும் கதவு இருக்குதுங்களா?"

"கதவில்லாமயா?"

"சாத்தியே வெச்சுக்கலாங்களா?"

ஏ.சி.யைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "வருஷம் முழுக்க சாத்தியே வெச்சுக்கலாம்" என்றான் பெருமையாக.

இப்போது மார்கழியும் போய்த் தை பிறந்துவிட்டது. இனித் தள்ளிப்போட மாதமில்லை. டிராவல்ஸ்காரர் இன்றைக்குள் முடிவு கேட்டிருந்தார். போன வாரம் வசந்தாமணி, "அடுத்த சனிக்கிழமை வீடு பூராவும் ஒருதடவை சுத்திக் காட்டுங்க மாமா. பாத்துட்டுச் சொல்லிடறேன்" என்றிருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எந்த அறைக்கு முதலில் போவது என்று திருமூர்த்தி மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போனது. ஜன்னல் திரையை விலக்கினான். இரவெல்லாம் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மரம், கம்பி, வண்டி எல்லாவற்றுக்கும் கண்ணாடியில் உறை தைத்துப் போட்டிருந்தது.

செழியனுக்குப் போன் செய்தான்.

"டேய், உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?"

"தெருவே போச்சு மாப்ளே. ஹீட்டர் இல்ல. ஸ்டவ்வும் எலெக்ட்ரிக். பாப்பாவுக்குப் பால் காய்ச்ச வழியில்ல."

"அப்போ என் வீடியோ?"

"பாலுங்கறேன், வீடியோங்கறான் பாரு!"

போன் கை மாறியது. செழியனின் மனைவி கயல்.

"அண்ணா, உங்க வண்டியில அடுப்பு, ஹீட்டர் ரெண்டும் கேஸ்தானே?"

"ஆமாம்மா."

"அப்போ வண்டிய டிரைவ் பண்ணிட்டு இங்க வந்துடுங்க. பாப்பா கையெல்லாம் ஜில்லுனு இருக்கு."

"தெருவுல எல்லாரும் பாப்பாங்களேம்மா…"

"ஆறு மாசமா என் ஹால்ல உக்காந்துட்டு 'நம்ம வீடு, நம்ம வீடு'ங்கறீங்க. நான் பாத்துட்டுச் சும்மாதானே இருக்கேன்? கிளம்புங்க."

திருமூர்த்தி கிளம்பினான். முன்கண்ணாடியில் ஐஸ் கட்டியிருந்தது. சுரண்டினான், வரவில்லை. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து மேலே ஊற்றினான். ஐஸ் இறங்கியது. கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியின் நடுவிலிருந்து நாலு பக்கமும் ஒரு சிக்குக் கோலம் ஓடியது. கீழே வழிந்த வெந்நீர் ஏறும் படியில் அப்போதே ஐஸாக உறைந்தது. அதில் வழுக்கி, இஸ்திரி போட்ட கைப்பக்கமாக விழுந்தான்.

எழுந்து ஸீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். பக்கத்து ஸீட்டில் அரிசி மூட்டை ஏற்கெனவே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டும்போது சரிந்து விழாமலிருக்க அப்படி வைப்பது அவன் வழக்கம் என்று செழியனிடம் சொல்லியிருக்கிறான். அரிசியை அடுக்க பின்னால் நல்ல அலமாரி இருக்கிறது. பக்கத்து ஸீட் காலியாக இருந்தால் அவனுக்கு வண்டி ஓட்ட வராது, அவ்வளவுதான்.

வண்டி பார்க்கைவிட்டு நகர்ந்தபோது பின்னால் ஏதோ வெடுக்கென்று பிய்ந்தது. குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் வரும் பச்சை ஹோஸைக் கழற்ற மறந்திருந்தான். அது வால் மாதிரி கூடவே வந்தது. முதல் திருப்பத்தில் அலமாரி திறந்து மிளகாய்த்தூள் டப்பா விழுந்தது. இரண்டாவது திருப்பத்தில் இட்லி மாவுப் பாத்திரம் அதன்மேல் கவிழ்ந்தது. செழியனின் தெருவுக்குள் நுழைந்து மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. நிதானமாக, மரியாதையாக, பக்கவாட்டில் நழுவிப்போய், வாசலிலிருந்த தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது.

செழியன் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தான்.

"ஏண்டா, போட்டோவுல உன் வீட்டுத் தபால்பெட்டின்னு காட்டினதும் நீதான். இடிச்சதும் நீயேதானா?"

கயல் பாப்பாவோடு ஏறினாள். பால் காய்ந்தது. ஹீட்டர் சூட்டில் பாப்பாவின் கன்னத்தில் நிறம் வந்தது. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தெரு முழுக்கக் கரண்டில்லாமல் கிடக்க, ஒரு வண்டி ஜன்னலில் மட்டும் வெளிச்சமும் புகையும் தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிர்வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டி காபி ஃபில்டரோடு வந்தார். அடுத்த வீட்டு அமெரிக்கத் தாத்தா ஒரு கெட்டிலோடு வந்தார். அவர் பின்னால் அவர் குடும்பம். அவர்கள் பின்னால் யாரென்றே தெரியாத இருவர்.

"யாருப்பா இது, இவ்ளோ அழகா வண்டி வெச்சிருக்கறது?" என்றார் காமாக்ஷி ஆன்ட்டி.

"வாடகைக்கு எடுத்தது ஆன்ட்டி, சும்மா ஒரு ட்ரிப்புக்கு" என்றான் திருமூர்த்தி.

"ட்ரிப்புக்கா? சுவத்துல தினசரி காலண்டர், மூலையில சாமி படம், வெங்காயக் கூடை… நன்னா போற ட்ரிப்பு!"

காபி கொதித்தது. உப்புமா கிளறப்பட்டது. கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் கட்டிலிலும் குளியலறை வாசலிலும் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்டதே அன்றுதான் முதல்முறை. திருமூர்த்தி கரண்டியோடு ஒரு கணம் சும்மா நின்றான். இந்தச் சத்தத்தில் ஒரே ஒரு குரல்தான் இல்லை என்று தோன்றியது.

அப்போது செல்போன் அடித்தது.

"ஏனுங்க மாமா, சென்டர்ல அத்தன நேரம் உக்காந்திருந்தேன். உங்களக் காணோமே?"

"இங்க கரண்ட் இல்ல வசந்தா."

"அமெரிக்காவுலயுங்களா? அங்கயும் ஷிப்ட் போட்டு நிறுத்தறாங்களா?"

"ஐஸ் மழை. கம்பியெல்லாம் அறுந்துருச்சு."

"இங்கயும் இப்பத்தான் போச்சுங்க. வாசல் கூட்டி முடிச்சதுமே சென்டருக்கு ஓடி, அங்கிருந்து வந்து, இப்ப இருட்டுக்குள்ளதான் நிக்கறேன்."

இரண்டு பக்கமும் கரண்ட் இல்லாதது, என்னவோ ஒரே வீட்டில் இருப்பதுபோலிருந்தது.

"அது யாருங்க மாமா அத்தன சத்தம்?"

உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"நம்ம வீட்டுக்கு விருந்தாளிங்க."

"எத்தன பேருங்க?"

"பன்னண்டு பேர் இருக்கும். தெருவே நம்ம வீட்டுலதான்."

"காப்பியெல்லாம் யாருங்க வெக்கறது?"

"நான்தான். நீ வந்துட்டா அப்புறம் எனக்கென்ன கவலை?" என்றான், உற்சாகமாக.

அவள் தயங்கித் தயங்கி, "மாமா… மாசியில ஊர்ல கோயில் நோம்பி வருதுங்க. அது முடியட்டுங்களா?"

திருமூர்த்திக்குச் சட்டென்று குளிரடித்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வசந்தா, நீ இன்னும் முழுசாப் பாக்கல. வீட்டுக்குப் பின்னால ஒரு தோட்டம் இருக்கு. அதோட போட்டோவ அனுப்பறேன், பாத்துட்டு…"

"பின்னாலயும் இருக்குதுங்களா?" அவள் குரல் அழுகிற மாதிரி ஆயிற்று. "பக்கத்துல பொம்பளைங்க யாராச்சும் இருந்தாக் குடுங்க மாமா."

அவன் யோசிப்பதற்குள் கயல் போனை வாங்கிவிட்டாள்.

"கயல், வேண்டாம்மா. வண்டின்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் அவ எப்பவுமே வரமாட்டா" என்று கிசுகிசுத்தான் திருமூர்த்தி.

"பாப்பாவப் பிடிங்க" என்று அவன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாத இடம் தேடி அவள் கீழே இறங்கினாள்.

விரிசல் விட்ட முன்கண்ணாடி வழியாகத் திருமூர்த்தி பார்த்தான். உறைந்த புல்லின்மேல் கயல் நின்றிருந்தாள். கோலத்தின் ஒரு கட்டத்தில் அவள் வாய் தெரிந்தது. இன்னொரு கட்டத்தில் கை தெரிந்தது. அந்தக் கை இந்த வண்டியைக் காட்டியது. பிறகு இரண்டு கைகளையும் விரித்து அகலம் காட்டினாள். மிகவும் குறுகலாக.

"முடிஞ்சுது" என்றான் பாப்பாவிடம். அது அவன் சட்டைக் காலரைச் சப்பியது.

கயல் திரும்பி ஏறினாள். மூக்கு சிவந்திருந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"சொல்லிட்டியா?"

"எல்லாம் சொல்லிட்டேன். நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் கை முட்டும்னு சொன்னேன். ஒரே ரூம்னு சொன்னேன். 'சத்தியமா ஒரே ரூம்தானுங்களா?'ன்னு மறுபடி மறுபடி கேட்டாங்க."

"அப்புறம்?"

"டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க. மாசிக்கெல்லாம் வெயிட் பண்ண முடியாதாம். அடுத்த வாரமே."

திருமூர்த்தி பாப்பாவைச் செழியனிடம் கொடுத்தான். முன்னால் போய், அரிசி மூட்டையின் பெல்ட்டைக் கழற்றி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் பின்னாலிருந்த அலமாரியில் வைத்தான். ஸீட்டைக் கையால் தட்டித் துடைத்தான். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"பின்ன இத்தன நாளா ஏன் வரல?"

"என் வீட்டப் பாத்துப் பயந்துட்டாங்கண்ணா. 'இத்தனையையும் ஒத்தையாளா எப்படிக் கூட்டித் தொடைக்கறது, அவரு ஆபீஸ் போனப்புறம் அத்தன ரூம்ல எந்த ரூம்ல உக்காந்து அவருக்காகக் காத்திருக்கறது'ன்னு, நீங்க ஒவ்வொரு போட்டோ அனுப்பும்போதும் ஒரு மாசம் தள்ளிப் போட்டாங்களாம்."