ஏழாவது டிஸ்ட்ரோ

புகைப்படக்காரர் ஒரு சபதம் எடுத்தார். மாதாமாதம் சந்தா பிடுங்கும் மென்பொருளுக்கு இனித் தலை வணங்குவதில்லை. படம் திருத்தும் வேலை முழுக்க லினக்ஸில்தான். வீட்டில் குனிந்த தலை கணினி முன்னாலாவது நிமிரட்டுமே!

லினக்ஸ், கணினியை இயக்கும் இலவச மென்பொருள். வம்பு என்னவென்றால், அது ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். ஆளுக்கொரு விதமாகக் கட்டித் தருகிறார்கள். டிஸ்ட்ரோ என்று பெயர். முதலாவதில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. இரண்டாவதில் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தது. மூன்றாவதில் எல்லாம் சரி, திரையின் பின்னணிப் படம்தான் அசிங்கம். "ரசனை கெட்ட பயலுக!" என்று அதை ஏற்றிய பென்டிரைவை டிராயருக்குள் வீசினார்.

ஆறு வாரம் ஓடியது. மச்சினியின் கல்யாணப் படங்கள் ஆயிரத்து இருநூறும் அப்படியே கிடந்தன.

"என் தங்கச்சி ஆல்பம் என்னாச்சு?" என்றாள் மனைவி.

"அஸ்திவாரம் போட்டுக்கிட்டிருக்கேன்மா. அவசரப்பட்டா வீடு நிக்குமா?"

"அவளுக்குப் பேரன் பொறக்கறதுக்குள்ள கூரை போட்டுருவீங்களா?"

ஏழாவதை ஏற்றும்போது, 'முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா?' என்று கணினி பணிவாகக் கேட்டது. இந்த வீட்டில் தன்னிடம் அனுமதி கேட்கும் ஒரே ஜீவன் என்ற பூரிப்பில் 'ஆம்' என்று தட்டினார். அழிந்தது படங்கள் இருந்த டிஸ்க்.

மச்சினிக்கு இன்னொரு தடவை கல்யாணம் நடக்கப்போவதில்லை. நடந்தாலும் இவரைக் கூப்பிடமாட்டார்கள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆல்பத்துக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்னு தங்கச்சிகிட்ட சொல்லிடு. ஒவ்வொரு படமா செதுக்கணும்."

"இன்னிக்கும் செதுக்கினீங்களா?"

"காலைல மட்டும் நாப்பது."

போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தான்! ஆல்பம் வந்துருச்சு! நீங்க எடுத்த படம்னு யாருமே நம்பல!"

மனைவி போனை வைத்தாள்.

"நீங்க அழிக்கறதும் ஏத்தறதுமா இருந்தீங்களா, எனக்குப் பயம். முதல் வாரமே எல்லாப் படத்தையும் என் பழைய லேப்டாப்புல எடுத்து வெச்சுட்டேன். மூணு வாரமா மத்தியானத்துல உக்காந்து நானே முடிச்சேன். காலைல நீங்க செதுக்கின நாப்பதும் அதுல இருக்கு."

போன உயிர் வந்தது. இருந்த மானம் போனது. ஆனாலும் ஆறு வாரத் தேடல் உள்ளே அரித்தது.

"அது சரி... எந்த டிஸ்ட்ரோ?"

"பேரு யாருக்குத் தெரியும்? டிராயர்ல ஒரு பென்டிரைவ் கிடந்துச்சு, போட்டேன். பின்னணிப் படம்தான் சகிக்கல. எடுத்துட்டு உங்க போட்டோவை வெச்சேன். பெரிசா வித்தியாசம் தெரியல."